திங்கட்கிழமை வெயில்

கையுறை தைப்பதற்கு லட்லோ ஊரில் இந்த மாடியறையை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது, ஐயா. வடக்குப் பார்த்த ஜன்னல். வெளிச்சம் சீராக விழும், கண் கூசாது. என் வாக்குமூலத்தை எழுத நீங்கள் அந்த முக்காலியில் உட்காருங்கள். மைக்கூட்டை மட்டும் தோல் பக்கம் வைக்காதீர்கள், குட்டியாட்டுத் தோல், கறை பட்டால் போகாது. நான் தைத்துக்கொண்டே பேசுகிறேன், மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். அடுத்த சந்தைக்குள் ஒரு டஜன் ஜோடி முடித்தாக வேண்டும் என்று கிடியன் சொல்லியிருக்கிறான்.

என் பெயர் ஜாஸ்பர் டில்னி. இந்த வழக்கில் நான் பிரதிவாதி. வாதி கிடியன் ஹாப்வுட், கையுறைக்காரன், என் பால்ய சிநேகிதன். நான் அவனுக்கு எழுதிக்கொடுத்த காப்புப் பத்திரத்தை மீறிவிட்டேன் என்பது அவன் புகார். மீறியது உண்மையானால் நூறு பவுண்டு தண்டம். என்னிடம் நூறு பவுண்டு இல்லை. அது போகட்டும், சொன்ன சொல் தவறியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். லண்டனில் நீதிபதிகள் நிதானமாகப் படித்தால் என் பக்கத்து நியாயம் தானே விளங்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எனக்குப் பாலாடைக்கட்டி வியாபாரத்தில் ஆசை வந்தது. முதலுக்குப் பார்லி மண்டிக்காரர் எலியாஸ் கிராட்டனிடம் போனேன். ஐம்பது பவுண்டு தருவதாகச் சொன்னார். சொன்ன நாளில் கட்டாவிட்டால் நூறாகத் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாக் கடன் பத்திரமும் அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னை நம்பி மட்டும் தர மாட்டாராம், ஜாமீனுக்கு ஓர் ஆள் கேட்டார். கிடியனிடம் போனேன்.

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"நீ கட்டலன்னா?"

"கட்டுவேன்டா."

"அது சரி. கட்டலன்னா என் கதி என்னன்னு கேட்டேன்."

"உனக்கு ஒரு கேடும் வராம நான் பாத்துக்கறேன். வேணும்னா எழுதியே தர்றேன்."

"எழுதியே குடு. நீ வாயால சொன்னது எதுவும் மறுநாள் காலை வரைக்கும் நின்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

எழுதிக் கொடுத்தேன். இந்தக் கடன் காரணமாகக் கிடியனின் உடலுக்கோ உடைமைக்கோ எந்தக் கேடும் நேராமல் காப்பேன், தவறினால் நூறு பவுண்டு தருவேன் என்று, அரக்கு முத்திரை வைத்து. என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு எழுதியது அது ஒன்றுதான். இன்றைக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வேன்.

என் சரக்கை ஏற்றிய படகு செவர்ன் ஆற்றில் கவிழ்ந்தது. படகுக்காரன் நீந்திக் கரையேறினான். பாலாடைக்கட்டி நீந்தவில்லை. தவணை நாள் வந்தது, போயிற்று. கிராட்டன் என்னைக் கூப்பிட்டு ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "உன்ன ஜெயில்ல போட்டு எனக்கு என்னப்பா லாபம்? உன் சட்டையை வித்தாக்கூட பித்தான் காசு தேறாது. கிடியனுக்குக் கடை இருக்கு, சரக்கு இருக்கு. நான் அவன் மேலதான் போகணும், கோவிச்சுக்காத." நியாயமான மனிதர், நான் கோபித்துக்கொள்ளவில்லை.

கோர்ட்டு அமீனா ஸ்னீட் கிடியனைக் கைது செய்ய வாரண்டோடு வந்த அன்று நான் அவன் கடையில்தான் இருந்தேன். அமீனா தோளில் கை வைத்தால் கைது, வைக்காத வரை இல்லை. ஸ்னீடின் கை நீண்டதைப் பார்த்தேன். கிடியனை இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவனுக்கு வந்த முதல் கேட்டிலிருந்து காத்தது நான்தான். அதைக் கிடியனே மறுக்க மாட்டான்.

உங்களுக்குத் தெரியாததல்ல. கடனுக்காக வருகிற அமீனா வீட்டு வாசல் கதவை உடைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை யாரையும் கைது செய்யக் கூடாது. ஆகையால் கடன்பட்டவன் வாரத்தில் ஆறு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பான், ஏழாம் நாள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போவான். எந்த ஊரிலும் அப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எங்கள் ஊரில் கிடியனும் அவர்களில் ஒருவன் ஆனான்.

ஆள் உள்ளே இருந்தால் கடையை யார் பார்ப்பது? அவன் இந்த மாடியறையில் உட்கார்ந்து தைத்தான், நான் சந்தையில் கடை போட்டு விற்றேன். சரக்கு அவன் பெயரில் இருந்தால் அமீனா அள்ளிக்கொண்டு போவான் என்று சரக்கை என் பெயருக்கு மாற்றினோம். வீட்டுக் குத்தகையையும் அப்படியே. சாவியும் என்னிடம்தான். கிடியன் தைக்க உட்கார்ந்தால் உலகத்தை மறக்கிறவன். சாவி கையில் இருந்தால் கிழமை மறந்து கீழே இறங்கிவிடுவான். வெளியே தாழ்ப்பாள் போடுகிற யோசனையும் அதனால்தான் வந்தது.

லெட்டிஸைப் பற்றிக் கேட்பீர்கள். அவள் கிடியனுக்கு நிச்சயமான பெண். முதல் வருஷம் முழுக்கக் காத்திருந்தாள், அதை நான் மறைக்கவில்லை. ஒரு நாள் கீழே அடுப்படியில் நின்றுகொண்டு, மாடிக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"வாரத்துல ஒரு நாள் புருஷன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அதுவும் ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு ஒரு துணி துவைச்சுக் காயப் போடச் சொல்லக்கூட முடியாது."

மேலே ஊசி விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு மனசு தாங்கவில்லை. கைவிடப்பட்ட பெண், சிநேகிதனுக்கு வேண்டியவள், அவளை நடுத்தெருவில் விட முடியுமா? அவளை நானே கல்யாணம் செய்துகொண்டேன். கிடியன் வர வேண்டும் என்பதற்காகவே கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கையுறை கொடுப்பது வழக்கம், இல்லையா. நாற்பது ஜோடி. எல்லாம் கிடியன் தைத்தது. ஒரு தையல் கோணவில்லை, ஐயா. வேறு யாராக இருந்தாலும் கை நடுங்கியிருக்கும்.

அப்புறம் நாங்களும் இந்த வீட்டுக்கே குடி வந்துவிட்டோம். அவனைத் தனியாக விடுவானேன். லெட்டிஸ் வேளாவேளைக்கு ஆட்டுக்கறி சூப்பும் ரொட்டியும் அனுப்புவாள். குளிர் காலத்தில் நான் கரி அள்ளிக்கொண்டு வருவேன். வந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"நிக்கிறானா?"

"நிக்கிறான்டா."

அந்த ஜன்னலின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் எதிர்வாசலில் ஸ்னீடின் தொப்பியும் புகைக்குழலும் தெரியும். இப்போதும் பாருங்கள், தெரியும். மழையிலும் நிற்பான். கிடியன் பெருமூச்சு விட்டு அடுத்த ஜோடியை எடுப்பான். ஸ்னீடுக்கு மூன்றாம் வருஷமே குடியால் உத்தியோகம் போய்விட்டது. இருந்தாலும் நின்றான். தினம் இரண்டு குவளை பீர் என் செலவு. ஒரு நாள் நான் காசு கொடுப்பதை லெட்டிஸ் பார்த்துவிட்டாள். "அமீனாவுக்கு எதுக்குங்க பீரு?" என்றாள். "அவங்களப் பகைச்சுக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் லெட்டிஸ் எதையும் கேட்காமல் விடுகிறாள் என்றால் மறந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை, அது எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவனுக்குக் கஷ்டம். தேவாலயத்தில் எங்களுக்கு முன்வரிசையில் கிராட்டன் உட்காருவார். வாராவாரம் திரும்பிப் பார்த்து, கிடியனுக்குத் தலையசைத்து, வாய் நிறையச் சிரிப்பார். கிடியனின் காது சிவந்துபோகும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமுவான்.

"ஆறு நாள் என்னக் கூண்டுல போட்டுட்டு ஏழாவது நாள் பல்லக் காட்டறான் பாருடா அந்தக் கிழவன்."

"விடுடா. வயசான மனுஷன்."

"ஒரு நாளைக்கு மூஞ்சிக்கு நேரா கேட்டுடறேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா."

அவ்வளவுதான், அடங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காசைப் பற்றிப் பேசுகிறவனும் கால்சட்டை இல்லாமல் தேவாலயத்துக்கு வருகிறவனும் எங்கள் ஊரில் ஒன்று. கிடியன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. பதினோரு வருஷத்தில் அவன் வெளியே வந்த நாளெல்லாம் ஞாயிறு. கடனைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாத நாளும் ஞாயிறு. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, ஊர் வழக்கம் அப்படி.

ஊர் அவனை என்ன நினைத்தது தெரியுமா? உலகத்தை வெறுத்தவன், கடவுளுக்காக மட்டும் கதவைத் திறக்கிறவன் என்று. ஒரு தடவை பாதிரியார் பிரசங்கத்திலேயே அவனைச் சுட்டிக்காட்டி, சந்தையின் பக்கமே தலைகாட்டாத இந்தச் சகோதரனைப் பாருங்கள் என்றார். கிடியன் குனிந்த தலை நிமிரவில்லை. அடக்கம் என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது.

போன வசந்த காலத்தில்தான் விஷயம் உடைந்தது. பிரசங்கம் முடிந்து எல்லாரும் தேவாலய முகப்பில் நின்றிருந்தோம். கிராட்டன் நேராக வந்து கிடியனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கும் வயசாயிடுச்சு. ஒன்னு கேக்கணும். என் மேல உனக்கு என்ன கோவம்? நான் சிரிச்சா நீ ஏன் மூஞ்சத் திருப்பிக்கற?"

கிடியன் கையை உதறிக்கொண்டான். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை கேட்டு நாலு பெண்கள் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"கடன்."

"ஐயோ தம்பி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும். பதினோரு வருஷமா எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தெரியும். ஒங்க கடனுக்கு ஜாமீன் நின்ன ஒரே பாவத்துக்கு இன்னும் எத்தன வருஷம் என்னப் பூட்டி வைப்பீங்க?"

"எந்தக் கடன்?"

"ஜாஸ்பர் வாங்குன ஐம்பது பவுண்டு."

கிராட்டன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் தேவாலயத்து முகப்புக் கூரையில் மரவேலை நன்றாக இருக்கும், போகும்போது பாருங்கள்.

"அதான் அவன் ரெண்டாம் வருஷமே கட்டிட்டானேப்பா," என்றார் கிராட்டன். "நான் என் கையாலயே முத்திரையப் பிச்சு, பத்திரத்தக் கிழிச்சு அடுப்புல போட்டேன். ஒனக்குத் தெரியாதா?"

அப்போது லெட்டிஸ் சொன்னாள், ரொம்ப மெதுவாக.

"அப்ப அந்த பீரு."

தேவாலய நிர்வாகி வந்து கூட்டத்தை விலக்கினார். ஓய்வு நாளில் கடன் பேச்சு எடுத்ததற்காகக் கிடியனுக்கு ஒரு ஷில்லிங் அபராதம் என்றார். ஊர் முழுக்க அன்று மாலை வரை பேசியதும் அதைப் பற்றித்தான், அவ்வளவு பக்தியான மனுஷனா இப்படி என்று. கிடியன் சட்டைப் பையைத் தடவினான். காசை அவன் கையில் கொடுக்கிற வழக்கம் இல்லாததால் பை காலி. அந்த ஷில்லிங்கைக் கட்டியவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், என் கணக்கில் சேர வேண்டியது.

கடனை நான் கட்டியது எப்படி என்று கேட்பீர்கள். இரண்டாம் வருஷம் கிராட்டன் சந்தையில் என் கடையைப் பார்த்தார். நாற்பது ஐம்பது ஜோடி தொங்குகிறது, எல்லாம் என் பெயரில். "இப்ப ஒன்கிட்டயே இருக்கேப்பா, இனிமே நான் எதுக்கு கிடியன்கிட்ட போகணும்?" என்றார். என்னிடமே வந்துவிடுவார் போலிருந்தது. அந்த வாரமே கட்டிவிட்டேன், முன்னாலேயே தெரிந்திருந்தால் முன்னாலேயே கட்டியிருப்பேன். அது கிடியன் தைத்து வந்த பணம்தான். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அன்று சாயங்காலமே அவனிடம் சொல்லத்தான் மாடியேறினேன். சத்தியமாகச் சொல்கிறேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டு கல்யாணக் கையுறையின் கட்டைவிரல் தைத்துக்கொண்டிருந்தான். எனக்கும் லெட்டிஸுக்கும் கல்யாணம் என்று பாதிரியார் அறிவித்த வாரம் அது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு வாரம் முந்தித் தெரிந்திருந்தால் அவள் தன் மனைவி ஆகியிருப்பாள் என்று நினைப்பான், மனசு உடையும். மனசு உடைவது கேடு இல்லையா? கேடு வராமல் காப்பதாக முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தவன் நான். வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு குளிர் போகட்டும் என்று. பிறகு சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வருத்தப்படுவான், வருத்தமும் கேடுதான். வருஷம் கூடக் கூட அந்த வருத்தமும் கூடும் என்பதால் சொல்லாமல் இருக்கிற கடமையும் கூடிக்கொண்டே போயிற்று. ஸ்னீடுக்கு வேலை போனதும் எதிர்வாசல் காலியாகிவிட்டது. அதைப் பார்த்தால் கிடியன் குழம்புவான் என்று நானே அவனைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். என் பணம் எவ்வளவு அந்த பீருக்குப் போனது என்று யாருக்கும் கவலை இல்லை.

தேவாலய முகப்பில் அது நடந்த மறுநாள் திங்கட்கிழமை. கிடியன் சாவியைக் கேட்டான், கொடுத்தேன். கதவைத் திறந்து வாசற்படியில் நின்றான். ஒரு காலை வெளியே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். எதிரே ஸ்னீட் பழக்கத்தில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான். கிடியன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"திங்கட்கிழமை வெயில் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடா" என்றான்.

"ஞாயித்துக்கிழமை வெயில் மாதிரியேதான்டா இருக்கும்" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை, வெயில் ஒரே வெயில்தான். அவன் அழுதான். லெட்டிஸ் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடத்திக்கொண்டு போனாள். எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது. பதினோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய ஆள், வண்டிச் சக்கரத்துக்கு வழிவிடத் தெரியாமல் தெருவில் நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். என் வக்கீல், 'வாதிக்குக் கேடு நேரவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதே என்கிறார். எனக்கு அப்படி ஒளித்துப் பேச வராது. பத்திரம் காப்பது எதிலிருந்து? கிராட்டனின் கடனால் வரும் கேட்டிலிருந்து. கடன் இருந்த வரையில் அமீனா கை அவன் தோளில் படவில்லை, அவன் கையிலிருந்து ஒரு பென்னி போகவில்லை. கடன் தீர்ந்தபின், தீர்ந்த கடனால் கேடு எப்படி வரும்? ஆகவே அந்த ஒன்பது வருஷம் அவன் மாடியில் கிடந்தது கடனால் அல்ல. கிராட்டனாலும் அல்ல, அமீனாவாலும் அல்ல. தாழ்ப்பாள் போட்டவன் நான். கடன் இல்லை என்று தெரிந்தே போட்டவன். உத்தியோகம் போன ஸ்னீடை எதிர்வாசலில் நிறுத்தியவன், அவன் கடையை, அவன் வீட்டை, அவன் பெண்ணை, அவன் ஒன்பது வருஷத்தை எடுத்துக்கொண்டவன், எல்லாம் நான். நான் ஒருவனே. தயவுசெய்து தெளிவான எழுத்தில் எழுதுங்கள், அடிக்கோடு போட்டாலும் சரி. இது நிரூபணமானால் பத்திரம் மீறப்படவில்லை என்று ஆகிவிடும், வழக்கு தள்ளுபடி.

வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். விரலில் நூலுக்குத் தேய்த்த மெழுகு, துடைத்துக்கொள்கிறேன்.

கீழே சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? கிடியனும் லெட்டிஸும். கடையை மறுபடி அவன் பார்க்கிறான், அவள் கணக்குப் பார்க்கிறாள். நன்றாக நடக்கிறது. என்னிடம் அவனுக்கு மனத்தாங்கல் இல்லை, ஐயா. வழக்குப் போட்ட மறுவாரம் அவனேதான் வந்து எச்சரித்தான். "டேய் ஜாஸ்பர், ஒன் பேர்ல வாரண்ட் வந்துடுச்சு. ஸ்னீட் எதிர்ல நிக்கிறான். நீ மாடியிலயே இரு, சாவி என்கிட்ட இருக்கட்டும். ஒனக்கு ஒரு கேடும் வராம நான் பாத்துக்கறேன்." எழுதித் தரட்டுமா என்று கூடக் கேட்டான். சிநேகிதர்களுக்குள் எதற்கு என்று சொல்லிவிட்டேன். தான் போட்ட வழக்கிலிருந்து தானே என்னைக் காப்பாற்றுகிறான், அப்படிப்பட்ட மனசு. சும்மா இருந்தால் பொழுது போகாதே என்று தைக்கவும் சொல்லிக்கொடுத்தான். என் தையல் கோணும், அவன் பொறுமையாகப் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைக்கச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை மூவருமாகத் தேவாலயம் போகிறோம். கிராட்டன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வருவார், ஆனால் அன்று அதெல்லாம் பேசக் கூடாது.

என்ன சொன்னீர்கள்? இந்த வழக்கில் வாரண்டே பிறக்கவில்லையா?

லண்டனில் இருப்பவர்களுக்கு லட்லோ விஷயம் எல்லாம் எட்டியிருக்காது, ஐயா. ஸ்னீடுக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டதாம். தினம் நிற்கிறான், மழையிலும் நிற்கிறான். கிடியனே சொன்னான். பதினோரு வருஷம் நான் சொன்னதையெல்லாம் நம்பியவன் அவன். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.